சேர்வரில் கோப்புகளை ஒழுங்காக வைப்பது எப்படி?

நிலாவெளியில் சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் இணையதளத்துக்கு டொமைன் (தளத்தின் பெயர்) வாங்கி, ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்க இடம்) எடுத்தாயிற்று. பக்கங்களும் புறாமலை, கன்னியா, கோணேசர் கோயில் படங்களும் கணினியில் தயார். இனி சேர்வரில், அதாவது தளத்தை இணையத்தில் காட்டும் கணினியில், ஏற்ற வேண்டும்.

ஏற்றுவது பெரிய வேலையில்லை. பெயரையும் இடத்தையும் முதலிலேயே யோசித்து வைப்பதுதான் வேலை. சேர்வரில் ஒரு கோப்பு எந்த ஃபோல்டரில் என்ன பெயரில் இருக்கிறதோ, அதுவே அதன் இணைய முகவரி. பிறகு பெயரை மாற்றினால், வாட்ஸ்அப்பில் ஏற்கனவே அனுப்பிய இணைப்பைத் திறப்பவருக்கு 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பிழைதான் கிடைக்கும்.

1. பெயர் வைப்பது

உங்கள் கணினியிலேயே ஒரு ஃபோல்டர் திறந்து, பக்கங்களை அதில் போடுங்கள். படங்களுக்கு உள்ளே ‘இமேஜஸ்’ என்று ஒன்று. அதற்குள் அறைகள், கடற்கரை, கோயில் என்று பிரித்தால் போதும். அதற்கு மேல் அடுக்கடுக்காகப் போனால் முகவரி நீண்டுவிடும்.

பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில், சிம்பிள் எழுத்தில் இருக்கட்டும். விண்டோஸ் கேப்பிட்டலையும் சிம்பிளையும் ஒன்றாகவே பார்க்கும். பெரும்பாலான சேர்வர்களில் இருக்கும் லினக்ஸ் அப்படிப் பார்க்காது. கேமராக்கள் பல ‘ஜேபிஜி’ என்ற கடைசிப் பகுதியைக் கேப்பிட்டலில் வைக்கும். பக்கத்தில் நீங்கள் சிம்பிளில் எழுதியிருந்தால், வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிந்த படம் சேர்வரில் தெரியாது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இடைவெளியும் வேண்டாம், அது முகவரியில் %20 ஆகிவிடும். சொற்களுக்கு நடுவில் சிறு கோடு போடுங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாமா? வைக்கலாம், வேலை செய்யும். ஆனால் ‘புறாமலை’ என்ற பெயருள்ள முகவரியை நகலெடுத்து ஒட்டினால், அந்த ஒரு சொல்லே பெரும்பாலும் சதவீதக் குறிகள் நிறைந்த 63 குறிகளாக வந்து நிற்கும். பக்கத்துக்குள் தாராளமாகத் தமிழ் எழுதுங்கள், கோப்புப் பெயருக்கு மட்டும் வேண்டாம்.

2. ஏற்றுவது

சிபேனலில் (பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தரும் நிர்வாகப் பக்கம்) நுழைந்து ‘ஃபைல் மேனேஜர்’ திறவுங்கள். பல ஃபோல்டர்கள் தெரியும். உங்களுக்கு வேண்டியது ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ மட்டும். பொதுவாக அதில் போடுவதுதான் உலகத்துக்குத் தெரியும். மற்றவற்றைத் தொடாதீர்கள்.

ஃபைல் மேனேஜர் முழு ஃபோல்டரை அப்படியே ஏற்காது. அதனால் எல்லாவற்றையும் ஸிப் ஆக்கி (ஒரே கோப்பாகச் சுருக்கி), ‘அப்லோட்’ கொடுத்து, அங்கே ‘எக்ஸ்ட்ராக்ட்’ செய்து பிரியுங்கள். அப்புறம் ஸிப்பை அழித்துவிடுங்கள்.

சரி, இப்போது ஒன்றைப் பாருங்கள். ‘இன்டெக்ஸ்’ என்ற முதல் பக்கம் பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள் நேராக இருக்கிறதா, அல்லது ஸிப்போடு வந்த இன்னொரு ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கிறதா? உள்ளே இருந்தால் எல்லாவற்றையும் தெரிவுசெய்து ‘மூவ்’ கொடுத்து வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் முகவரியைத் திறப்பவருக்கு 403 (‘அனுமதி இல்லை’ என்ற பிழை) வரும், அல்லது கோப்புகளின் பட்டியல் அப்படியே தெரியும்.

3. அடிக்கடி மாற்றுபவர்களுக்கு

ஃபைல்ஸில்லா என்ற இலவச மென்பொருள் வசதி. இடப்பக்கம் உங்கள் கணினி, வலப்பக்கம் சேர்வர். இழுத்துப் போட்டால் போய்ச் சேரும். இணைக்கும்போது எஸ்எஃப்டிபி (எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் முறை) தெரிவுசெய்யுங்கள், போர்ட் என்ற இணைப்பு எண் பொதுவாக 22. பழைய எஃப்டிபி, போர்ட் 21, கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பும். உப்புவெளி கஃபே வைஃபையில் இருந்துகொண்டு அதைச் செய்யவே வேண்டாம்.

4. அனுமதி எண்கள்

யார் எதை வாசிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்பதைச் சேர்வருக்குச் சொல்லும் எண்கள் இவை. ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி வருவது இது. முதல் எண் உங்களுக்கு, கடைசி எண் மற்ற எல்லோருக்கும். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் 777 போடு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், அது யாரும் எழுதலாம் என்ற அனுமதி.

5. மாற்றுவதும் அழிப்பதும்

ஒரு பக்கத்தைத் திருத்தும் முன் அதன் நகலை உங்கள் கணினிக்கு இறக்கி வையுங்கள். தளம் முழுவதையும் ஸிப் ஆக்கினால் அதைப் பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள் விடாதீர்கள், பெயரை ஊகிப்பவர் யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஃபைல் மேனேஜரில் அழித்தது வழக்கமாக ‘டிராஷ்’ ஃபோல்டருக்குப் போகும், திருப்பி எடுக்கலாம். ஃபைல்ஸில்லாவில் அழித்தால் அந்த வசதி கிடையாது.