வேலை முடித்தும் பணம் வரவில்லையா? 45 நாள் சட்டத்தைப் பயன்படுத்தும் முறை

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் தையல் யூனிட் ஆனாலும், கோவையில் லேத் பட்டறை ஆனாலும், சிவகாசியில் அச்சகம் ஆனாலும் குறை ஒன்றுதான்: வேலை இருக்கிறது, பாக்கி வந்து சேரவில்லை. பெரிய நிறுவனம் நான்கு மாதம் இழுத்தடிக்கும். சின்ன முதலாளி அதுவரை வட்டிக்குக் கடன் வாங்கிக் கூலி கொடுப்பார். இது அநியாயம். இதைத் தடுக்கவே 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் தாமதப் பணத்துக்கென்று தனி அத்தியாயம் வைத்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

படி 1: உத்யம் பதிவு

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு. ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் ஒரே அமர்வில் முடிந்துவிடும். அரசு இதற்கு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. உத்யம் பெயரிலேயே கட்டணம் கேட்கும் தனியார் இணையதளங்கள் பல உலவுகின்றன, முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.

பதிவை முதல் ஆர்டருக்கு முன்பே செய்துவிடுங்கள். சரக்கு அனுப்பி, பணம் நின்ற பிறகு பதிவு செய்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் பலன் உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்த வாதத்துக்கு நீங்கள் இடமே தர வேண்டாம்.

தொழில் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. இந்தப் பாதுகாப்பு உற்பத்தி, சேவை இரண்டிலும் உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். ஜாப் ஒர்க் சேவையில் அடங்கும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021 முதல் உத்யம் பதிவு கிடைக்கிறது. ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே. நடுத்தர நிறுவனங்களும் இந்த அத்தியாயத்தில் வருவதில்லை. கட்டட ஒப்பந்த வேலை செய்பவர்கள் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது. அதில் தீர்ப்புகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன.

படி 2: காகிதம் சேர்ப்பது

என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. சின்ன யூனிட்டுகள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, காகிதம் இல்லாததால்தான். போனில் பேசி வந்த ஆர்டர் என்றாலும், அளவு, விலை, பணம் தர வேண்டிய நாள் ஆகியவற்றை எழுதி வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, சரி என்ற பதிலை வாங்கி வையுங்கள். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். டெலிவரி சலானில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் வண்டியைத் திருப்ப வேண்டாம்.

அந்தத் தேதி ஏன் முக்கியம்? சரக்கைப் பெற்ற 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால், சரக்கு வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதுகிறது. எட்டு மாதம் கழித்து "தையல் சரியில்லை" என்று சொல்லிப் பணத்தைப் பிடிப்பவர்களுக்கு இதுவே பதில்.

படி 3: நாள் கணக்கு

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் வர வேண்டும். ஆனால் அந்தக் கெடு, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஆர்டரில் 90 நாள் என்று அச்சிட்டு நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45தான் செல்லும். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்.

படி 4: வட்டி

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தர அறிவிக்கும் வட்டி வீதமான 'வங்கி விகிதத்தை'ப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், மாதத்துக்கு ஒன்றரை. 2 லட்சம் ரூபாய் ஓராண்டு நின்றால் வட்டி மட்டும் சுமார் 39,100 ரூபாய். வட்டி வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது.

படி 5: கடிதம்

பில் எண், தேதி, பாக்கி, வட்டி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வாங்கியவருக்கு ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அதில் வருமான வரிச் சட்டத்தையும் ஒரு வரி சேருங்கள்: 2023இல் கொண்டுவந்த விதிப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். வாங்கியவர் கண்டுகொள்ளாவிட்டாலும் அவருடைய ஆடிட்டர் கண்டுகொள்வார். மார்ச் மாதத்துக்கு முன் அனுப்பும் கடிதத்துக்கு வலு அதிகம்.

பாதித் தொகை தருகிறோம், முழுப் பணமும் பெற்றதாக எழுதிக் கொடுங்கள் என்றால் கையெழுத்திட வேண்டாம். வாங்கியதற்கு மட்டும் ரசீது கொடுங்கள்.

படி 6: மன்றத்தில் மனு

தாமதப் பணப் புகார்களுக்கான மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. சமாதான் இணையதளத்தில் தொடங்கி, அங்கு காட்டும் வழியில் மனுவையும் ஆவணங்களையும் பதிவேற்றுங்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இதற்கான வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன. பணம் தர வேண்டியவர் டெல்லியில் இருந்தாலும் உங்கள் ஊருக்குரிய மன்றத்திலேயே மனுப் போடலாம். இந்தச் சட்டத்தின் பெரிய கொடை இது. படிவத்தில் சந்தேகம் வந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

மன்றம் முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். ஒத்துவராவிட்டால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் பாக்கி விழுந்து மூன்றாண்டு ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். காலவரம்புச் சிக்கல் வரும்.

மனுப் போட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காதே என்ற அச்சம் நியாயமானது. பலர் இதனாலேயே வாய் திறப்பதில்லை. ஆனாலும் பணமே தராதவரிடமிருந்து வரும் அடுத்த ஆர்டர் உங்கள் கடனைத்தான் கூட்டும்.

படி 7: தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்து, எதிர்த்தரப்பு அதை ரத்து செய்யக் கோரினால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். கட்டாமல் அவர்கள் மனு விசாரணைக்கே வராது. கட்டிய தொகையில் நியாயமான ஒரு பகுதியை வழக்கு நடக்கும்போதே உங்களுக்கு வழங்க நீதிமன்றம் உத்தரவிடும். எதிர்த்து மனுவும் போடாமல், பணமும் தராமல் இருந்தால், தீர்ப்பை நிறைவேற்றக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அதற்கு எதிர்த்தரப்பின் சொத்து, வங்கிக் கணக்கு விவரங்கள் தேவைப்படும். அவர்கள் முன்பு கொடுத்த காசோலையின் நகலையும், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு எண்ணையும் இன்றே கோப்பில் சேர்த்து வையுங்கள்.