ஃபாதரைப் பிள்ளைகள் மறக்காமல் இருக்க

எங்கள் பங்குக் கோயிலில் பல வருடம் இருந்த ஃபாதர் இறந்ததும் கோயில் வாசலில் மாலை போட்டுப் படம் வைத்தோம், ஒரே மாதத்தில் பிள்ளைகள் அதைப் பார்க்காமலே உள்ளே ஓடப் பழகிவிட்டார்கள்.

அப்புறம் மறைக்கல்வி வகுப்பில் வேறு மாதிரி செய்தோம். "ஃபாதர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "நல்லவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். "உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்? அவர் பையில் என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். ஒரு சின்னப் பெண், தெருமுனையில் மூன்று தடவை சைக்கிள் மணி அடிப்பார் என்றாள், உடனே மற்றவர்களும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதையெல்லாம் ஒரு கோடு போடாத நோட்டில் அவர்கள் கையாலேயே எழுதி, படமும் வரையச் சொல்லுங்கள், பிழை திருத்த வேண்டாம்.

கையில் தொட ஒரு பொருளும் வேண்டும். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட குருவான புனித அருளானந்தரை அங்கே போய்வந்த பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பது அந்த ஊரின் சிவப்பு மண்ணால்தான். எங்களுக்கு ஃபாதரின் பழைய ஜெபமாலை கிடைத்தது, வாரம் ஒரு பிள்ளை அதை வைத்து ஜெபம் சொல்கிறது.

நோட்டை எடுத்துப் படிக்க நாள் குறித்துவிடுங்கள்: பங்குக் குருக்களின் பாதுகாவலர் வியான்னியின் திருநாளான ஆகஸ்ட் 4, அப்புறம் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று கல்லறையில் மெழுகுவர்த்தியைப் பிள்ளைகளே ஏற்றட்டும், யாராவது அழுதால் அழ விடுங்கள்.