ஆப்பின் தலையில் முகவரிப் பட்டை தெரிகிறதா?

காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து வீடுவீடாகக் கொடுக்கும் நண்பருடைய இணையதளத்தை, பிடபிள்யூஏ பில்டரில் (இணையதளத்தை ஆப்பாக மாற்றும் கருவி) போட்டு ஆண்ட்ராய்டு ஆப் ஆக்கினேன். என் போனில் நேராக நிறுவியபோது கச்சிதம். பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் மேலே குரோமின் முகவரிப் பட்டை பல்லிளிக்கிறது!

காரணம் கைரேகை, அதாவது ஆப்பில் கையொப்பமிடும் சாவியின் அடையாளக் குறியீடு. அது தளத்தில் குறித்திருப்பதோடு பொருந்தினால்தான் பட்டை மறையும். நாம் போட்ட கையொப்பத்துக்குப் பதிலாக கூகுள் தன்னிடமுள்ள சாவியால் கையொப்பமிட்டுத்தான் ஆப்பை வெளியிடுகிறது. ஆகவே பிளே கன்சோலில் (ஆப்பை வெளியிடுபவருக்கான கூகுள் தளம்) 'ஆப் சைனிங்' பக்கத்தில் இருக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகையை எடுத்து, எந்த ஆப் நம்முடையது என்று தளம் சொல்லும் அசெட்லிங்க்ஸ் ஜேசன் கோப்பில் சேர்த்துவிடுங்கள். பழையதை அழிக்க வேண்டாம், இரண்டும் இருக்கலாம். அப்புறம் ஆப்பை நீக்கி மறுபடி நிறுவிப் பாருங்கள்.

புதிதாகத் திறக்கும் தனிநபர் கணக்கென்றால் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் ஆப்பைச் சோதிக்க வேண்டும் என்ற விதி வேறு உண்டு. நாங்கள் ஐஸ் உடைக்கும் அண்ணன் வரை சேர்த்தோம்.