அரன் தீவுகளுக்கு ஒரு வார இறுதி: டப்ளினில் படிக்கும் மாணவர் குழுவுக்கு

போன ஜூன் மாதம் நாங்கள் ஒன்பது பேர் அயர்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் அரன் தீவுகளுக்குப் போனோம். எல்லோரும் டப்ளினில் முதுகலை படிக்க வந்தவர்கள். சனிக்கிழமை காலை ஒன்பது பேரும் ஒரே படகில் ஏறுவதாகத் திட்டம். ஏறியது நான்கு பேர். என்னையும் சேர்த்து மீதி ஐந்து பேர் தீவில் கால் வைக்கும்போது பொழுது பாதி போயிருந்தது. என்ன ஆனது என்பதை மூன்றாம் படியில் விரிவாக எழுதியிருக்கிறேன். மற்றதை அவசரமாகப் படித்தாலும் அதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

படி 1: தேதி

எங்களில் பலருக்கு வார இறுதியில்தான் பகுதிநேர வேலை. அதனால் எல்லோருடைய ஷிப்ட்டும் தெரிந்த பிறகே தேதி பேசுங்கள். மேலாளரிடம் இரண்டு மூன்று வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்து, இரண்டு நாளில் பதில் வராதவரை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலரைக்குள் பொழுது சாய்ந்துவிடும், படகுகளும் குறைவு, தங்கும் இடங்களில் சில மூடியிருக்கும். முதல் பயணத்துக்குக் குளிர்காலம் வேண்டாம்.

படி 2: எந்தத் தீவு

மூன்று தீவுகள். இனிஷ் மோர் பெரியது, இனிஷ் மான் நடுவில், இனிஷ் ஈர் கிழக்கில் சிறியது. 1960-இல் புயலில் பாறையில் மோதிய பிளாசி என்ற சரக்குக் கப்பல் இன்றும் இனிஷ் ஈர் கரையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைப் பார்க்கும் ஆசையில் பலர் ஒரே வார இறுதியில் இரண்டு தீவுக்குத் திட்டம் போடுகிறார்கள். தீவுக்குத் தீவு போகும் படகுகள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் எல்லாம் குலைந்துவிடும். முதல் தடவை இனிஷ் மோர் ஒன்றே போதும். இரவு தங்குங்கள். பகல் பயணிகள் மாலைப் படகில் திரும்பியதும் தீவு அப்படியே அமைதியாகிவிடும். அந்த மாலைப்பொழுதுக்காகவே போகலாம்.

படி 3: படகு டிக்கெட்

இனிஷ் மோர் போகக் கால்வே பக்கத்தில் இரண்டு துறைகள் இருக்கின்றன. ஒன்று கால்வே நகரத்துக்குள்ளேயே இருக்கும் துறைமுகம். அங்கிருந்து கோடை மாதங்களில் மட்டும் படகு போகும், சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். இன்னொன்று ரோசவீல். நகரத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 38 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மீன்பிடித் துறைமுகம். ஆண்டு முழுவதும் படகு கிளம்புவது இங்கிருந்துதான், நாற்பது நிமிடத்தில் தீவு. கிளேர் மாவட்டத்தில் டூலின் என்று மூன்றாவது துறையும் உண்டு, டப்ளினிலிருந்து கால்வே வழியாகப் போகிறவர்களுக்கு அது தேவைப்படாது.

நாங்கள் பணம் போட்ட வேகத்தில் டிக்கெட்டை இரண்டு பேர் பிரித்து எடுத்தோம். நண்பன் நான்கு எடுத்தான், நான் ஐந்து எடுத்தேன். இரண்டிலும் கால்வே, இனிஷ் மோர், அதே தேதி. வெள்ளி இரவு கால்வேயில் ஒரு ஹாஸ்டலில் தங்கி, காலையில் ஒன்பது பேரும் பேசிக்கொண்டே நகரத் துறைமுகத்துக்கு நடந்தோம். வரிசையில் முதல் நான்கு பேரின் க்யூ.ஆர். குறியீடு பச்சை காட்டியது. என்னுடையது சிவப்பு. அங்கிருந்தவர் என் ஃபோனை வாங்கி, திரையைப் பெரிதாக்கி, ரோசவீல் என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அந்தச் சொல் முந்தைய இரவிலிருந்து என் கையில்தான் இருந்தது. அதை ஒரு கம்பெனிப் பெயர் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த சிக்கல், ரோசவீலுக்கு எப்படிப் போவது. நகர மையத்திலிருந்து படகோடு சேர்த்து ஒரு பேருந்து விடுகிறார்கள். படகு கிளம்ப ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கும்போதே அது புறப்பட்டுவிடும். அந்தப் பேருந்து இருக்கையைப் படகு டிக்கெட் எடுக்கும்போதே தனியாகச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. ஐந்து பேர் என்பதால் சாதாரண டாக்சியிலும் இடம் போதவில்லை. பெரிய வண்டி கிடைத்து, கடலோரச் சாலையில் போய் இறங்கும்போது படகு கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. அடுத்த படகு மதியம்தான்.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போது இப்படிச் செய்யுங்கள். குழுவில் ஒரே ஆள் எல்லோருக்கும் எடுக்கட்டும். எடுத்ததும் புறப்படும் துறையின் பெயரை வாட்ஸ்அப் குழுவின் பெயராகவே மாற்றிவிடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். பேருந்து இருக்கை சேர்ந்திருக்கிறதா, திரும்பும் டிக்கெட்டிலும் அதே துறை இருக்கிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். போகும்போது ரோசவீல், வரும்போது நகரம் என்று எடுத்துவிட்டுத் தவித்தவர்களையும் எனக்குத் தெரியும். மாணவர் கட்டணத்தில் எடுத்தால் மாணவர் அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால் எனக்கு ரோசவீல்தான். கடலில் இருக்கும் நேரம் குறைவு. அட்லாண்டிக் அலை எதிரே நீச்சல் தெரிந்தவருக்கும் வயிறு புரளும். இஞ்சி மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள், படகின் பின்பக்கம் வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், ஃபோனைப் பார்க்காதீர்கள்.

படி 4: டப்ளினிலிருந்து கால்வே

ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயில், அல்லது நகரத்திலிருந்து பேருந்து. இரண்டும் சுமார் இரண்டரை மணி நேரம். வெள்ளி இரவே போய்விடுங்கள். சனிக்கிழமை விடியற்காலைப் பேருந்தை நம்பிக் காலைப் படகு எடுக்காதீர்கள். செலவுக் கணக்குக்கு ஸ்பிளிட்வைஸ், பணம் அனுப்ப ரெவலூட். இந்த ஊரில் எல்லோரிடமும் ரெவலூட் இருப்பதால் வேறு எதையும் தேட வேண்டாம்.

படி 5: சாப்பாடும் பையும்

தீவின் முக்கிய ஊர் கில்ரோனன். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, பால், ரொட்டி, முட்டை கிடைக்கும். ஆனாலும் ஒன்பது பேர் வயிற்றை அதன் மேல் விடாதீர்கள். நாங்கள் புளிக்காய்ச்சலை ஜாம் பாட்டிலில் அடைத்துக்கொண்டு போனோம். ஹாஸ்டல் சமையலறையில் சோறு வடித்துக் கிளறினால் முடிந்தது. சைவக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி. இறைச்சி சாப்பிடாத தங்கை ஒருத்தி எங்களோடு வந்திருந்தாள். இரண்டு நாளும் அவள் சாப்பாட்டைப் பற்றி யாரும் கவலைப்படவே இல்லை.

குடை வேண்டாம், காற்றில் திரும்பிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைக்கோட்டு, அடி வழுக்காத ஷூ, மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி.

படி 6: தீவில் சைக்கிள்

இறங்குதுறை பக்கத்திலேயே வாடகை சைக்கிள் கிடைக்கும். பிரேக்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்து, இருக்கை உயரத்தைச் சரிசெய்து, ஹெல்மெட்டும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். தீவு சுமார் 14 கிலோமீட்டர் நீளம். மேற்கே போக இரண்டு சாலைகள். மேட்டுச் சாலை ஏற்ற இறக்கம் நிறைந்தது, சைக்கிள் பழக்கம் விட்டுப்போனவருக்கு மூச்சு வாங்கும். கடலோரச் சாலை சமதளம், பாறைகளில் சீல்கள் படுத்திருப்பதையும் பார்க்கலாம். போகும்போது கடலோரச் சாலையில் போங்கள்.

ஊர்ப்பலகைகள் ஐரிஷ் மொழியில் மட்டும் இருக்கும். அங்குள்ளவர்கள் வீட்டில் பேசுவது அந்த மொழிதான். வரைபடத்தில் ஆங்கிலப் பெயரைத் தேடி, பலகையில் வேறு எழுத்தைக் கண்டு குழம்ப வேண்டாம். கோ ரவ் மா அகத் என்றால் நன்றி. கடைக்காரப் பாட்டியிடம் எங்களில் ஒருவன் அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது, பொறுமையாக உச்சரிப்பைத் திருத்தினார்.

வழியெல்லாம் கற்சுவர்கள். சாந்து இல்லை, சிமெண்ட் இல்லை, கல்லின் மேல் கல். கிட்டப் போய்ப் பாருங்கள், இடுக்குகள் வழியே மறுபக்க வெளிச்சம் தெரியும். காற்று அந்த இடுக்குகளில் புகுந்து போய்விடுவதால்தான் சுவர் நிற்கிறது. உள்ளே இருக்கும் மண்ணே மனிதர் உண்டாக்கியது. வெறும் சுண்ணாம்புப் பாறையின் மேல் மணலையும் கடற்பாசியையும் சுமந்து கொட்டி, தலைமுறை தலைமுறையாக உருளைக்கிழங்கு விளைவித்திருக்கிறார்கள். படம் எடுக்க அந்தச் சுவர்மேல் ஏறாதீர்கள். ஒரு கல் சரிந்தால் அதைத் திரும்ப அடுக்க வேண்டியவர் அங்கே வயல் வைத்திருப்பவர்.

படி 7: டூன் ஏங்கஸ்

மலைமுகட்டின் விளிம்பில் அரைவட்டமாக நிற்கும் கற்கோட்டை. முதலில் கட்டியது கி.மு. 1100 வாக்கில் என்கிறார்கள். கில்மர்வி கடற்கரைக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு இருபது நிமிடம் மேடேற வேண்டும். கடைசிப் பகுதி கரடுமுரடான கல். கோட்டைக்கு வெளியே ஆயிரக்கணக்கான கூர்ங்கற்களை நெருக்கமாக நட்டு வைத்திருக்கிறார்கள், எதிரி ஓடி வர முடியாதபடி.

உள்ளே நுழைந்ததும் எதிரே சுவர் இல்லை, கம்பி இல்லை, ஏறக்குறைய 100 மீட்டர் கீழே கடல். விளிம்பை நின்றுகொண்டு எட்டிப் பார்க்காதீர்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் தூரத்திலேயே குப்புறப் படுத்து மெல்ல நகர்ந்து பாருங்கள். காற்று பலமாக இருந்தால் அதுவும் வேண்டாம். குழுவில் ஒருவர் விளிம்பிலிருந்து தள்ளி நின்று மற்றவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கட்டும். ஊரில் அம்மா அப்பா நம்மை நம்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அதே கரையில் போல் நா பேஷ்ட் என்ற நீள்சதுரக் குளம் இருக்கிறது. ஆள் வெட்டியது போலத் தெரியும், ஆனால் இயற்கையாகவே பாறை அப்படிப் பிளந்திருக்கிறது. உயரமான பாறையிலிருந்து நீரில் குதிக்கும் உலகப் போட்டிகள் அங்கே நடந்திருப்பதால் இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள். அடியில் கடலோடு இணைந்த நீர், அலை ஏறி வரும் பாறை. ஈரம் தெரியும் இடத்துக்கு இப்பால் நின்று பாருங்கள்.

படி 8: திரும்பும் படகு

ஞாயிறு கடைசிப் படகை எடுக்காதீர்கள், அதற்கு முந்தையதை எடுங்கள். காற்று கூடினால் படகை ரத்து செய்வார்கள். கடைசிப் படகு நின்றால் திங்கள் வகுப்பும் போகும், ஷிப்ட்டும் போகும். வெள்ளிக்கிழமையிலிருந்தே அயர்லாந்து வானிலைத் துறையான மெட் ஏரன் தளத்தில் கால்வே மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். ஃபோனோடு வரும் வானிலைச் செயலி மழையைச் சொல்லும், கடலைச் சொல்லாது.

பின்சேர்க்கை

படித்தவர்கள் சிலர் ராத்லின் தீவுக்கும் இப்படிப் போகலாமா என்று கேட்டிருந்தார்கள். ராத்லின் இருப்பது வட அயர்லாந்தில், அது பிரிட்டன். எல்லையில் யாரும் நிறுத்துவதில்லை என்பதால் பலர் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டும் மாணவருக்கான ஸ்டாம்ப் 2 அனுமதியும் மட்டும் இருப்பவருக்கு அங்கே போகத் தனியாகப் பிரிட்டன் விசா வேண்டும். இடையில் சோதனையில் சிக்கினால் உங்கள் படிப்புக்கே ஆபத்து. அரன் தீவுகள் அயர்லாந்துக்குள் என்பதால் அங்கே இந்தக் கவலை இல்லை, ஐ.ஆர்.பி. என்ற அயர்லாந்து வசிப்பு அனுமதி அட்டையை மட்டும் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் சைக்கிள் ஓட்டத் தெரியாத தோழியை என்ன செய்வது என்று கேட்டார். இறங்குதுறையில் மினி பஸ்களும் குதிரை வண்டிகளும் நிற்கும். தோழியைத் தனியாக அனுப்பாமல் இன்னொருவரும் அவரோடு ஏறிக்கொள்ளுங்கள், கோட்டை அடிவாரத்தில் சேர்ந்துகொள்ளலாம்.