நட்சத்திர பாலிமருக்குச் சாயம் ஏற்றும்போது எங்கே தவறுகிறோம்?

ஒரே மையத்திலிருந்து பல சங்கிலிக் கைகள் நீளும் நட்சத்திர பாலிமரில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, அது கடல்நீரில் எங்கே போகிறது, எதில் ஒட்டுகிறது என்று பார்க்கலாம். மண்டபம், பாம்பன் பக்கத்து மாணவர்களுக்குப் பொருத்தமான வேலை இது. ஆனால் புற ஊதா விளக்கில் கரைசல் பளிச்சென்று ஒளிர்ந்ததுமே சாயம் பிணைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரிய தவறு அதுதான்.

பிணையாத சாயமும் அதே அளவுக்கு ஒளிரும். டயாலிசிஸில் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் வைத்துக் கழுவுவதில்) வெளித் தண்ணீர் தெளிந்தாலும் போதாது; ரோடமின் போன்ற சாயங்கள் வேதிப் பிணைப்பே இல்லாமல் பாலிமர் கைகளுக்குள் ஒட்டிக்கொண்டு இருந்துவிடும். அதனால் சாயம் ஏற்றாத பாலிமரோடு, பிணையும் திறன் இல்லாத வடிவில் அதே சாயத்தைச் சும்மா கலந்து, அதையும் அதே மாதிரி சுத்தம் செய்து பாருங்கள். அதுவும் ஒளிர்ந்தால் உங்கள் முடிவை நம்ப முடியாது. அப்புறம் ஜிபிசியில் (மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் கருவி; பெரியது முதலில் வெளிவரும்) ஒளிர்வு டிடெக்டரின் உச்சி, ஒளிவிலகல் டிடெக்டரின் பாலிமர் உச்சியோடு சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். பின்னால் தனியாக வரும் உச்சி பெரும்பாலும் பிணையாத சாயம்.

அதே ஜிபிசியில் இன்னொரு பொறி இருக்கிறது. நேர்ச்சங்கிலி பாலிஸ்டைரீனை அளவுகோலாக வைத்தால், சுருண்டு கச்சிதமாக இருக்கும் நட்சத்திரம் தாமதமாக வெளிவந்து, மூலக்கூறு எடை குறைவாகத் தெரியும். அளவுகோல் இல்லாமல் எடையை நேரடியாகத் தரும் ஒளிச்சிதறல் டிடெக்டர் தேவை. ஆனால் அதன் லேசர் ஒளியைச் சாயம் உறிஞ்சினால் அந்தக் கணக்கும் கெட்டுவிடும். சாயம் ஏற்றும் முன்பே எடையை அளந்துவிடுவது நல்லது.

தயாரிப்பில் தாமிர வினையூக்கியைப் பயன்படுத்தியிருந்து, அதை முழுக்க நீக்காவிட்டால் ஒளிர்வு மங்கும். கைகளில் சாயத்தை நெருக்கி ஏற்றினாலும் மங்கும். அதிகச் சாயம், அதிக ஒளி என்று கணக்குப் போடாதீர்கள். ஒளிர்வை அளக்கும்போது உறிஞ்சல் (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்ற அளவு) 0.1-க்குக் கீழே இருக்கட்டும்.

இங்கே இரண்டு பக்கமும் கடல், காற்றில் ஈரம் அதிகம். அமீன் என்ற நைட்ரஜன் தொகுதியோடு வினைபுரியும் எஸ்டர் சாயப் புட்டியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறந்தால் உள்ளே நீர் படிந்து சாயம் வீணாகும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள்.

சாயத் தேர்விலும் கவனம் வேண்டும். கஞ்சிப்பாசி போன்ற சிவப்புப் பாசிகளில் உள்ள ஃபைகோஎரித்ரின் என்ற நிறமி 575 நானோமீட்டர் அருகே தானே ஒளிரும். ரோடமினும் ஏறக்குறைய அங்கேதான்; இரண்டையும் பிரித்தறிவது கடினம். 515 பக்கம் ஒளிரும் ஃபுளூரசின் இந்த வேலைக்குப் பரவாயில்லை. அமிலத்தில் மங்கினாலும், pH 8 அளவிலுள்ள கடல்நீரில் நன்றாக ஒளிரும். எந்தச் சாயமானாலும், பாலிமர் சேர்க்காத பாசியையும் கடல்நீரையும் முதலில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.