பில் போடும் இடத்தில் அழுகை வராமல் இருக்க: குழந்தைகளோடு கடைக்குப் போகும் செய்முறை

போன வருடம் ஒரு நாள், ட்ராலி நிறையச் சாமானோடு பில் போடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர். இரண்டு வயதுச் சின்னவன் ட்ராலி இருக்கையில் முதுகை வில்லாக வளைத்துக் கத்துகிறான். நான்கரை வயதுப் பெரியவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான். பக்கத்து ரேக்கில், அளந்து வைத்ததுபோல அவள் கண் உயரத்தில் தொங்கிய மிட்டாய்ப் பாக்கெட். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் பட்ட பாடுதான் இந்தப் பதிவு.

பட்டியல் எழுதுங்கள், பை எடுத்துப் போங்கள், டயப்பர் மறக்காதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நேராகச் செய்முறைக்கு வருகிறேன்.

படி 1: நேரம்

சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு போங்கள். வேலை முடிந்து வரும் வழியில் கூட்டிக்கொண்டு போவது எனக்கு ஒரு முறைகூடச் சரிப்பட்டதில்லை. என் பிள்ளைகளின் பொறுமை முப்பது நிமிடம். உங்கள் வீட்டு வாண்டுக்கு எவ்வளவு என்று இரண்டு முறை போனாலே தெரிந்துவிடும். அதற்குமேல் ஆகும் பட்டியல் என்றால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

படி 2: கடை வரிசையில் பட்டியல்

வீட்டில் நினைவுக்கு வரும் வரிசையில் எழுதினால் கடைக்குள் மூன்று சுற்று சுற்றுவீர்கள். வாசலிலிருந்து பில் போடும் இடம் வரை ரேக்குகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் எழுதுங்கள். குளிரூட்டிய பொருள்கள் கடைசியில்.

செல்போன் செயலி வேண்டாம், காகிதம்தான் என் கட்சி. போனைக் கையில் எடுத்த நொடியில் "வீடியோ போடுப்பா" என்று ஆரம்பிக்கும். காகிதமும் பென்சிலும் என்றால் பெரியவளே எடுத்ததை அடித்துக்கொண்டு வருவாள். அவளுக்கென்று தனியாக மூன்று பொருள்களைப் படமாக வரைந்து கொடுக்கிறேன். என் ஓவியத் திறமையைப் பார்த்துச் சிரிப்பதிலேயே ஐந்து நிமிடம் ஓடிவிடுகிறது, அதுவும் லாபம்தான்.

படி 3: ட்ராலி

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 1990 முதல் 2011 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ட்ராலியால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த சிறுவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பத்தில் ஏழு பேர் ட்ராலியிலிருந்து விழுந்தவர்கள். பெரும்பாலும் அடி தலையில். அதனால் இருக்கையில் வார் இருந்தால் மாட்டுங்கள், அறுந்திருந்தால் வேறு ட்ராலி எடுங்கள். சாமான் போடும் கூடைக்குள் பிள்ளையை நிற்க விடாதீர்கள். கைக்குழந்தையைக் கார் சீட்டோடு தூக்கி ட்ராலியின் மேல் வைப்பதும் கூடாது. எடை மேலே ஏறினால் ட்ராலி எளிதில் சாயும். தோளில் கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் எவ்வளவோ மேல்.

கார் வடிவ ட்ராலியைப் பற்றி: பிள்ளைகளுக்கு உயிர், எனக்கு ஆகாது. திருப்புவதற்குள் கை ஒடியும். பிள்ளை முன்னால் தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் அதன் முகம் நமக்குத் தெரியாது. அழுகை வரப்போவதை முகத்தில்தானே முதலில் பார்க்க முடியும்?

படி 4: வாசலில் ஒரு நிமிடம்

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த மிட்டாய்ப் பாக்கெட்டுக்கு முந்தைய வாரங்களில் நான் கறாராக "முடியாது" என்றுதான் சொல்லிவந்தேன். அப்படியிருந்தும் அன்றைக்குக் கொடுத்த பிறகு அழுகை பலமடங்கானது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளைப் படித்தபோதுதான் பிடிபட்டது. பொத்தானை ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் இரை வந்து, பிறகு நின்றுபோனால், பிராணி சீக்கிரமே அமுக்குவதை விட்டுவிடும். எப்போதாவது ஒரு முறை வந்தால்தான் லேசில் விடாது. நான் ஒன்பது முறை மறுத்துப் பத்தாவது முறை கொடுத்தேன். அதாவது, பத்து முறை அழுதால் கிடைக்கும் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஆகவே இப்போது முடிவை வாசலிலேயே எடுத்துவிடுகிறேன். உள்ளே நுழையுமுன் குனிந்து, கண்ணைப் பார்த்து, இரண்டே வாக்கியம். "இன்றைக்கு ஆளுக்கு ஒன்று, நீங்களே எடுத்துக்கொள்ளலாம்." அல்லது, "இன்றைக்குப் பட்டியலில் இருப்பது மட்டும்தான்." பிறகு பெரியவளையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். சொன்னதற்குமேல் ஒரு துரும்பும் கிடையாது.

உள்ளே போன பிறகு "சரி, நல்ல பிள்ளையாக இருந்தால் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "பார்க்கலாம்" என்பது அவர்கள் காதில் "கேட்டுக்கொண்டே இரு" என்றுதான் விழும். கொடுப்பதாக இருந்தால் முதல் தடவை கேட்கும்போதே கொடுங்கள். அழுகைக்குப் பிறகு கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கொடுப்பதை நிறுத்தியதும் அடம் முதலில் கூடும், அப்புறம்தான் குறையும். எனக்கு இரண்டாவது வாரம்தான் மோசம். ஐந்தாவது வாரம் பெரியவளே தம்பியிடம், "டேய், இன்றைக்குப் பட்டியல் மட்டும்தான்" என்று அதட்டினாள்.

படி 5: பில் போடும் இடம்

மிட்டாய் அங்கே தற்செயலாகத் தொங்கவில்லை. இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த குறிப்பிட்ட பண்டங்களைப் பெரிய கடைகள் வாசலிலும் பில் போடும் இடத்திலும் வைக்கத் தடை. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அது கெட்டிக்கார இடம். அதனால் பிள்ளைமேல் கோபப்பட்டுப் பயனில்லை.

வரிசையில் நிற்கும்போது கைக்கு வேலை கொடுங்கள். சாமானை எடுத்து மேடையில் வைப்பது பெரியவள் வேலை. சின்னவனுக்கு என் பையிலிருந்து அதுவரை காட்டாத ஒரு சாமான்: ஒரு முறை அளவு நாடா, ஒரு முறை மூடி கழற்றும் டப்பா. விலை கூடிய பொம்மையெல்லாம் வீண்.

படி 6: மீறிப் போனால்

வெளியே வந்துவிடுங்கள். ட்ராலியை ஓரமாக நிறுத்தி, "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்காற்றில் நில்லுங்கள். திட்ட வேண்டாம், பாடம் நடத்தவும் வேண்டாம். தணிந்தால் திரும்பிப் போகலாம், இல்லாவிட்டால் வீடு. நான் இரண்டு முறை வெறுங்கையோடு வந்திருக்கிறேன். வானம் இடிந்து விழவில்லை.

பின்சேர்க்கை

இருவருமே இருக்கையில் உட்கார வேண்டும் என்று சண்டை போட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். சிறியதுக்குத்தான் இருக்கை, பேரமே கிடையாது. பெரியதுக்கு ட்ராலியின் கைப்பிடியில் ஒரு நாடா கட்டி, "இதைப் பிடிப்பவர்தான் டிரைவர்" என்று சொல்லிப் பாருங்கள்.

கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால் என்ற கேள்வியும் வந்தது. நான் மறந்தேபோன விஷயம். இப்போது இருவருக்கும் பளிச்சென்ற நிறத்தில் சட்டை. என்னைக் காணவில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டும், சத்தமாக "அப்பா" என்று கூப்பிட வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன். சட்டையின் உட்புறம் என் போன் நம்பர்.

ஒரு தாயார் எழுதியதால் படி 4-இல் ஒரு திருத்தம். அவர் மகனுக்கு விளக்கு வெளிச்சமும் ஒலிபெருக்கியும் தாங்காது. காதைப் பொத்திக்கொண்டு அழுவான். அது அடம் இல்லை, கேட்டது கிடைத்தாலும் அந்த அழுகை நிற்காது. அவனுக்கு நான் சொன்ன கறார் எதுவும் பொருந்தாது. காதை மூடும் ஹெட்போன் மாட்டி, கடை திறந்த உடனே, கூட்டம் சேருமுன் போய்வருகிறாராம்.