பர்பனை வீட்டில் ஊற வைத்துப் புட்டியில் அடைப்பது எப்படி: முதல் ஜாடிக்கான செய்முறை

காய்ச்சி இறக்கிய மக்காச்சோளச் சாராயம் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் வேகவைத்த சோளக்கதிர் வாசமும், கூடவே மூக்கை எரிக்கும் ஒரு காரமும் வரும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இதை ‘ஒயிட் டாக்’ என்கிறார்கள். அது பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி ஆவது இதற்கு அப்புறம்தான். ஓக் மரமும் காற்றும் வெயிலும் குளிரும் சேர்ந்து செய்கிற வேலை அது. காய்ச்சுவதைப் பற்றி நிறையப் பேர் விரிவாக எழுதுகிறார்கள். ஊற வைப்பதை மட்டும் “ஓக் போட்டு ஆறு மாதம் வையுங்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். புதியவர்கள் நல்ல சரக்கைக் கெடுத்துக்கொள்வது அந்த ஒரு வரியை நம்பித்தான். நாள்காட்டியைப் பார்த்து நிறுத்தாதீர்கள், நாக்கைக் கேட்டு நிறுத்துங்கள். கீழே உள்ள எல்லாமே இதற்காகத்தான்.

முதலில் சட்டம். நான் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டனில். இங்கே 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். வேறு பல நாடுகளிலும் தடை உண்டு. அப்படிப்பட்ட ஊரில் இருந்தால் காய்ச்சும் வேலையே வேண்டாம். கடையில் நிறமில்லாத கார்ன் விஸ்கி கிடைத்தால் அதை வாங்கி, ஓக்கில் ஊற வைக்கும் பகுதியை மட்டும் செய்து பாருங்கள். வீரியம், அதாவது ஆல்கஹால் அளவு, குறைவு என்பதால் ஊறும் போக்கு கொஞ்சம் மாறும், ஆனால் கற்றுக்கொள்ள அது போதும்.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பர்பன் அமெரிக்காவுக்கே உரிய மது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் 1964இல் தீர்மானம் போட்டது. அந்நாட்டு விதிப்படி அது அங்கே தயாரானதாக இருக்க வேண்டும், தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், கருக்கிய புது ஓக் கலத்தில் ஊற வேண்டும், கலத்தில் ஊற்றும்போது 62.5 சதவீத வீரியத்தைத் தாண்டக் கூடாது, நிறமோ சுவையோ தனியாகச் சேர்க்கக் கூடாது. அதனால் என் ஷெட்டில் ஊறுவதை நான் ‘பர்பன் பாணி’ என்றுதான் எழுதி வைப்பேன். ஆனால் அந்த விதிகள் நமக்கும் நல்ல வழிகாட்டி.

பீப்பாய் வேண்டாம், ஜாடி போதும்

ஆரம்பத்தில் எல்லோருக்கும் சின்னப் பீப்பாய் மேல்தான் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஐந்து லிட்டர் பீப்பாய் ஒன்று வாங்கி நிரப்பி, ஆறு மாதம் கழித்துத்தான் திறந்தேன். அடுப்பிலேயே மறந்துவிட்ட டிக்காஷன் மாதிரி கறுத்து, கடுக்காயைக் கடித்தது போல நாக்கைப் பிடித்து இழுத்தது. சோள வாசம் இருந்த இடமே தெரியவில்லை.

காரணம் எளிய கணக்கு. கென்டக்கிப் பீப்பாய் 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர் கொள்ளும். அதில் ஒரு லிட்டர் சாராயத்துக்கு ஏறக்குறைய 100 சதுர சென்டிமீட்டர் மரம்தான் படுகிறது. ஐந்து லிட்டர் பீப்பாயில் ஒரு லிட்டருக்கு அதைப்போல மூன்றரை மடங்கு மரம் படும். மரச்சாறு வேகமாக இறங்கும். ஆனால் காற்று பட்டுக் காரம் தணிய வேண்டிய வேலை அதே வேகத்தில் நடக்காது. ஜாடி என்றால் எவ்வளவு மரம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். போதும் என்றால் கட்டையை வெளியே எடுத்துவிடலாம். பீப்பாயை அப்படி எடுக்க முடியாது.

அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடியாக, நான்கு லிட்டர் கொள்வதாக ஒன்று வாங்குங்கள். பிளாஸ்டிக் குடம், பிளாஸ்டிக் கேன் எதுவும் வேண்டாம். இந்த வீரியத்தில் சாராயம் பிளாஸ்டிக்கில் உள்ளதைக் கரைத்து இழுக்கும். ஈயம் கலந்த பளபளப்பான கிரிஸ்டல் புட்டியும் கூடாது.

மரத்தைத் தயார் செய்தல்

அமெரிக்க வெள்ளை ஓக் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் மது தயாரிக்கும் சாமான் விற்கும் ஹோம்ப்ரூ கடைகளில் துண்டாகவே கிடைக்கும். பழைய மேசை, பேலட் கட்டை, பெயின்ட் அடித்த பலகை எதையும் தொடவே தொடாதீர்கள். அதில் என்ன மருந்து ஏறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

2 × 2 × 12 சென்டிமீட்டர் கட்டைக்கு மொத்தப் பரப்பு நூறு சதுர சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே லிட்டருக்கு ஒரு கட்டை போட்டால் பெரிய பீப்பாயின் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும். மூன்று லிட்டருக்கு மூன்று கட்டை. அதோடு நிறுத்துங்கள்.

அப்புறம் வறுப்பது. கட்டைகளை அலுமினியத் தாளில் சுற்றி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஒரு மணி நேரம் தாண்டியதும் சமையலறை முழுக்க வெனிலாவும் சுட்ட சர்க்கரையுமாக மணக்கும். ஓக் மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் உடைந்து வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் ஆகிறது, ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு பொருள் உடைந்து சர்க்கரையாகிக் கருகுகிறது; அந்த வாசனைதான் அது. பர்பனில் நாம் ருசிக்கும் வெனிலாவும் கேரமலும் இங்கிருந்துதான் வருகின்றன.

ஆறியதும் கட்டைகளை வெளியே எடுத்துப்போய், இடுக்கியில் பிடித்து, கேஸ் டார்ச்சால் மேற்பரப்பைக் கருக்குங்கள். கரி வெடித்து முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாகப் பிளக்கும்போது தண்ணீரில் முக்கி அணையுங்கள். பீப்பாய் செய்பவர்களும் அந்த ஆழமான கருக்கலை முதலைக் கருக்கல் என்றுதான் சொல்கிறார்கள். கரி, சாராயத்தில் உள்ள கந்தக நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரிக்கு அடியில் உள்ள வறுபட்ட சிவந்த அடுக்கு நிறத்தையும் இனிப்பையும் கொடுக்கும். அந்த அடுக்கு வேண்டும் என்பதால்தான் முதலில் வறுத்து, பிறகு கருக்குகிறோம். நேராக டார்ச்சைப் பிடித்தால் மேலே கரியும் உள்ளே பச்சை மரமுமாக நின்றுவிடும்.

இந்த வேலை நடக்கும் இடத்தின் பக்கத்தில் சாராய ஜாடி இருக்கவே கூடாது. 60 சதவீதச் சாராயத்தின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும்.

ஜாடியில் போடுதல்

காய்ச்சும்போது முதலில் வரும் தலைச்சாராயம், கடைசியில் வரும் வால்சாராயம் இரண்டையும் கழித்த நடுப்பகுதி மட்டும்தான் ஜாடிக்குப் போக வேண்டும். ஓக் எந்தக் கெட்ட சரக்கையும் நல்லதாக்காது. வீரியத்தை 58 முதல் 60 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். மரத்தில் சில சுவைகளை ஆல்கஹால் கரைக்கும், சர்க்கரை போன்றவற்றைத் தண்ணீர் கரைக்கும். இரண்டுக்கும் இடம் வேண்டும்.

நான்கு லிட்டர் ஜாடியில் மூன்று லிட்டர்தான் ஊற்ற வேண்டும். மேலே இருக்கும் காற்றும் ஊறலுக்குத் தேவை. வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து, ஜாடியைச் சுழற்றிவிட்டு மூடுங்கள்.

எங்கே வைப்பது? பகலில் சூடேறி இரவில் குளிரும் இடம்தான் நல்லது. கென்டக்கியின் சேமிப்புக் கிடங்குகளில் கோடையில் சாராயம் விரிந்து மரத்துக்குள் ஏறும், குளிரில் சுருங்கி மரச்சாற்றோடு வெளியே வரும். என் ஜாடி ஷெட்டில், பழைய துண்டு சுற்றியபடி இருக்கிறது. துண்டு எதற்கென்றால், நேர்வெயில் படக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் பூட்டு கட்டாயம்.

ருசி பார்த்து நிறுத்துதல்

இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன்னால் ருசி பாருங்கள். ஒரு தேக்கரண்டி எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து, சின்னக் கிளாஸில் முகருங்கள். 60 சதவீதத்தை அப்படியே நாக்கில் வைத்தால் நாக்கு மரத்துப்போகும், ஒன்றும் தெரியாது. அப்புறம் இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து, உலர்ந்ததும் முகருங்கள். ஆல்கஹால் பறந்துவிடும், தங்குவது மரமும் தானியமும் மட்டும். அந்த வாசத்தில் சோளம் இருக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் தேடுவேன். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

முதல் வாரத்திலேயே பால் விடாத தேநீரின் நிறம் வந்துவிடும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நிறம் முதலில் வரும், ருசி பின்னால்தான் வரும். மூன்றாவது, நான்காவது வாரங்களில் பச்சைப் பலகை வாசம் தூக்கலாக இருக்கும். பலர் இந்தக் கட்டத்தில் பயந்து கொட்டிவிடுகிறார்கள். விடுங்கள், தணியும். இரண்டு மூன்று மாதத்தில் வெனிலா தெரிய ஆரம்பிக்கும், மெலிதாகத் தேங்காய் வாசமும் வரும். அது ஓக்கில் உள்ள லாக்டோன் என்ற மணப்பொருள்.

விழுங்கிய பிறகு ஈறு இழுத்துக்கொண்டு காய்ந்தால் துவர்ப்பு ஏறுகிறது என்று அர்த்தம். அன்றைக்கே கட்டையை எடுத்துவிடுங்கள். காரம் இன்னும் தணியவில்லையா? பரவாயில்லை, மரம் இல்லாமல் ஜாடியை இன்னும் சில மாதம் வைத்து, வாரந்தோறும் திறந்து மூடுங்கள். நேரம் தாண்டிப்போன சரக்கைக் கொட்டவும் வேண்டாம். என் பீப்பாய்ச் சரக்கை, ஊறாத புதுச் சாராயத்தோடு சிறிது சிறிதாகக் கலந்து பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் மரமும் சோளமும் சமமாகத் தெரிந்தன. முதலில் கிளாஸில் கலந்து பார்த்துவிட்டுத்தான் மொத்தத்தையும் கலக்க வேண்டும்.

தண்ணீர் சேர்த்தல்

காபி ஃபில்டர் தாளில் வடிகட்டிக் கரித்தூளை நீக்குங்கள். கையில் 2.8 லிட்டர் இருக்கிறது, வீரியம் 59, வேண்டியது 45 என்று வைத்துக்கொள்வோம். 2.8ஐ 59ஆல் பெருக்கி 45ஆல் வகுத்தால் 3.67 லிட்டர். ஆக, சேர்க்க வேண்டியது சுமார் 870 மில்லி. தண்ணீரும் ஆல்கஹாலும் கலக்கும்போது கன அளவு சற்றுச் சுருங்கும் என்பதால் முடிவில் கொஞ்சம் கூடவே தேவைப்படும். முதலில் 800 மில்லியோடு நிறுத்தி, அளந்து பார்த்து மீதியைச் சேர்ப்பது நல்லது.

அந்த 800 மில்லியையும் ஒரே நாளில் ஊற்றாதீர்கள். மூன்று பங்காக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றுங்கள். கலக்கும்போது சூடு வரும், வாசம் கலைந்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால் கூடிவரும். தண்ணீர் உப்பில்லாததாக, ஆர்.ஓ. அல்லது வாலை வடிநீராக இருக்கட்டும். கடினநீர் ஊற்றினால் வெண்படிவு வரும்.

வீரியத்தை அளக்கும் ஆல்கஹால்மீட்டர் 20 டிகிரி செல்சியஸுக்காகச் செய்தது. சரக்கு அதைவிடச் சூடாக இருந்தால், ஒரு டிகிரிக்கு சுமார் 0.3 முதல் 0.4 வரை கூடுதலாகக் காட்டும். சரக்கு 20 டிகிரிக்கு வந்த பிறகே அளவிடுங்கள். அமெரிக்க விதிப்படி புட்டியில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். எனக்கு 46 பிடிக்கும். அதற்குக் கீழே போனால் ஐஸ் போடும்போது கலங்கலாம். ருசிக்கு ஒரு கெடுதலும் இல்லை, பார்க்கத்தான் மங்கல்.

புட்டியில் அடைத்தல்

புட்டிகளை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து நன்றாக உலர வையுங்கள். உள்ளே தண்ணீர் தங்கினால் வீரியம் குறையும். ஒரு கரண்டி சரக்கை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, கழுத்து வரை நிரப்புங்கள். காலி இடம் அதிகமாக இருந்தால் வாசம் மெல்ல மெல்லப் போய்விடும்.

கார்க் போட்டால் புட்டியை நிமிர்த்தியே வையுங்கள். ஒயின் மாதிரி படுக்க வைத்தால் இந்த வீரியம் கார்க்கை அரித்து, அந்த ருசியும் உள்ளே இறங்கும். இருட்டு அலமாரி போதும். புட்டிக்குள் போனதும் ஊறல் நின்றுவிடும். பத்து வருடம் வைத்தாலும் அது அதே மூன்று மாதச் சரக்குதான்.

லேபிளில் ஜாடியில் போட்ட தேதி, வீரியம், எத்தனை கட்டை, எவ்வளவு நேரம் வறுத்தது, கருக்கியது என்ற விவரம், கட்டையை எடுத்த தேதி, புட்டியில் அடைத்த வீரியம் எல்லாம் இருக்கட்டும். பென்சிலால் எழுதுங்கள், ஒரு சொட்டுச் சரக்கு சிந்தினாலும் பேனா மை ஓடிவிடும். எடுத்த கட்டைகளையும் தேதி எழுதி ஒரு சின்ன ஜாடியில் போட்டு வைத்திருங்கள். இரண்டாவது ஊறலுக்கு அவை இன்னும் மெதுவாக, மென்மையாக வேலை செய்யும்.